ரம்மியை விட்ட பிறகும் பணம் கரைந்தது ஏன்: என் அனுபவம்

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்தியச் சட்டம் தடை செய்ததோடு என் ரம்மியும் நின்றது. ஆனால் 20ஆம் தேதிக்குள் சம்பளம் கரைவது நிற்கவில்லை.

வீட்டுச் செலவைச் சுருக்கினேன், கிரெடிட் கார்டை மனைவியிடம் கொடுத்தேன், ஷாப்பிங் செயலியை இருமுறை நீக்கினேன். எதுவும் பலிக்கவில்லை.

யுபிஐ பரிவர்த்தனைகளை நேரவாரியாகத் தாளில் எழுதியபோதுதான் பிடிபட்டது. முன்பு ரம்மிக்குப் பணம் போன இரவு 11 முதல் 1 மணிக்குள்தான் இப்போது சட்டைகளும் இயர்போன்களும் வாங்கப்பட்டிருந்தன; கட்டிலுக்கடியில் பிரிக்காத பார்சல்கள் ஏழு கிடந்தன. அதைவிட முக்கியமானது, திருப்பி அனுப்பிய பொருள்களுக்கான தொகை செயலியின் வாலட்டிலேயே சேர்ந்ததும், அதை ஆட்டத்தில் ஜெயித்த பணம்போல் எண்ணி அன்றிரவே நான் செலவழித்ததும்தான்.

14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடி மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்க மருத்துவக் கையேடான, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்தது. பொருள் வாங்கும் வெறிக்கு அதில் தனி இடமில்லை. ஆயினும் நான் பார்த்த மருத்துவர் இரண்டையும் ஒன்றாகவே விசாரித்தார், எல்லா மருத்துவர்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பலித்த வழி இதுதான்: திரும்பும் தொகை, யுபிஐயுடன் இணைக்காத வங்கிக் கணக்குக்கே போகுமாறு மாற்றினேன், வாலட்டை மூடினேன், இரவு 10 மணிக்கு மேல் கைப்பேசி சமையலறை அலமாரியில் இருக்கிறது. மூன்று மாதங்களாகப் புதிய பார்சல் எதுவும் வரவில்லை.