எச்பி 141டி திரையில் தெரியும் கோடு உண்மையா? சோதித்துப் பார்க்கும் முறை

எச்பி 141டி மெயின்ஃப்ரேமில் (திரையும் பவர் சப்ளையும் உள்ள அடிப்பெட்டி) 8552பி ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பகுதியையும் 8554பி ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) பகுதியையும் செருகினால் அது ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆகிவிடும்: 1250 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ சிக்னல்களை, ஒவ்வொன்றும் தன் அதிர்வெண்ணில் ஒரு கோடாக நிற்க, திரையில் பார்க்கலாம். அரை நூற்றாண்டு பழையது என்றாலும் அருமையான கருவி. ஆனால் திரையில் நிற்கும் கோடுகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை அல்ல. சில கோடுகளைக் கருவியே உண்டாக்குகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடற்காற்றின் உப்பு முதலில் அரிப்பது தொடர்புமுனைகளைத்தான். மின்சாரம் கொடுக்கும் முன் அந்த இரண்டு செருகு பகுதிகளையும் (பிளக்-இன்கள்) கழற்றி, அவற்றின் கனெக்டர்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரின் குமிழை இருபது முப்பது முறை முழுதாகச் சுழற்றுங்கள். உள்ளே ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். பின்பக்கத்தில் வோல்டேஜ் 230-க்கு வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் எழுச்சி இந்தப் பழைய பவர் சப்ளைக்கு ஆகாது.

ஒரு மணி நேரம் சூடாக விடுங்கள். திரை, கோட்டைப் பிடித்துவைத்துக் காட்டும் ஸ்டோரேஜ் குழாய் என்பதால் வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். ஒரே இடத்தில் பிரகாசமான புள்ளி நின்றால் அந்தத் தழும்பு போகாது. பிறகு கருவியிலேயே உள்ள கேலிப்ரேட்டரின் (அளவு சரிபார்க்கும் சிக்னல்) வெளியீட்டை உள்ளீட்டில் இணையுங்கள். அது 30 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என வைத்து டெசிபெலில் சொல்லும் அளவு). கோட்டின் உச்சி மைனஸ் 30-இல் நிற்கும்படி ஆம்ப்ளிட்யூட் கேல் திருகைச் சரிசெய்யுங்கள். 60, 90 மெகாஹெர்ட்ஸில் தெரியும் ஹார்மோனிக்குகளை (மடங்கு அதிர்வெண்களை) வைத்துத் திரையின் அதிர்வெண் அகல அளவும் சரியா என்று பார்த்துவிடலாம்.

டிஸ்ப்ளே அன்கேல் விளக்கு எரிந்தால் அப்போது வரும் அளவை எழுத வேண்டாம். ஸ்கேன் வேகத்துக்கு ஃபில்டர் ஈடுகொடுக்கவில்லை, அதனால் உச்சி தாழ்ந்து காட்டுகிறது. திரை காட்டும் மொத்த அதிர்வெண் அகலத்தை ஃபில்டரின் பேண்ட்விட்த்தின் வர்க்கத்தால் வகுத்து (இரண்டும் ஹெர்ட்ஸில்) 2.5-ஆல் பெருக்கினால் ஒரு ஸ்கேனுக்குத் தேவையான நேரம் செகண்டில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 100 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் என்றால் 25 மில்லிசெகண்ட் போதும். 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2.5 செகண்ட். பேண்ட்விட்த்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இரைச்சல் 10 டெசிபெல் இறங்கும், ஆனால் நேரம் நூறு மடங்காகும்.

145 மெகாஹெர்ட்ஸ் கையடக்க ரேடியோவைச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் என்பது பிளஸ் 37 டிபிஎம். அதை நேரே கொடுத்தால், வரும் சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் மிக்சரின் டையோடு போய்விடும், மாற்று டையோடு கிடைப்பதும் கஷ்டம். 10 வாட் தாங்கும் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் வழியாகக் கொடுங்கள், மைனஸ் 3 ஆகும். உள் அட்டெனுவேட்டரை 40-இல் வைத்தால் மிக்சருக்குப் போவது மைனஸ் 43. அந்த அளவில் அது சுத்தமாக வேலை செய்யும்.

இப்போது 145-இன் இரண்டு, மூன்று மடங்கான 290-இலும் 435-இலும் கோடுகள் தெரிந்தால் ரேடியோவைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். வெளியே இன்னொரு 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் சேருங்கள். கோடு 10 டெசிபெல் இறங்கினால் அது ரேடியோவின் குற்றம். 290-இல் உள்ளது 20, 435-இல் உள்ளது 30 என்று இறங்கினால் மிக்சர்தான் அதை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இறங்கினால் இரண்டும் கலந்திருக்கிறது. உள் அட்டெனுவேட்டரைக் கூட்டி மறுபடி பாருங்கள்.

ஆன்டெனா வைத்துப் பார்க்கும்போதும் இதே சோதனைதான். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் எஃப்எம் நிலையங்கள் பலமாக வந்தால், இரண்டு நிலையங்கள் மிக்சரில் கலந்து, இல்லாத மூன்றாவதைக் காட்டும். 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் சேர்த்தால் அந்தப் பொய்க்கோடு 30 டெசிபெல் இறங்கும். சாட்டிலைட் டிஷ்ஷின் முனையில் உள்ள எல்என்பி-யின் (சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பெட்டி) கேபிளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நேரே செருகாதீர்கள். ரிசீவர் அதில் 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்பும். முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், டிசியைத் தடுக்கும் டிசி பிளாக் போட்டபின் இணையுங்கள்.