பார்ட் நம்பரை நம்பாம பேரிங், ஆயில் சீல் வாங்குறது எப்படி?

டிராக்டர்ல மாட்டி மண்ண கிளர்ற ரோட்டவேட்டரோட கியர்பாக்ஸ்ல ஆயில் ஒழுகுது, அத தடுக்கிற ரப்பர் வளையம், அதான் ஆயில் சீல், கம்பெனில கேட்டா ஸ்டாக் இல்ல, எப்ப வரும்னும் தெரியாதுங்கிறாங்க, விலையும் போன தடவ மாதிரி இல்ல, இங்க ஈரம் காயறதுக்குள்ள ஓட்டியாகணும். அப்புறம்தான் தெரிஞ்சுது, கம்பெனி டப்பாக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் பேரிங் கடைல கிடைக்கிற பொது சைஸ்தான், அட்டைல நம்பர் மட்டும்தான் வேற.

முதல்ல பேரிங். கழட்டி டீசல்ல கழுவிட்டு ஓரத்துல பொறிச்சிருக்கிறத படிங்க. 6205னா கடைசி 05ஐ அஞ்சால பெருக்குங்க, உள் ஓட்டை 25 மிமீ. 04லேர்ந்துதான் இந்த கணக்கு, 00, 01, 02, 03னா 10, 12, 15, 17. பின்னாடி சி3னு இருந்தா அதையும் சேத்து கேளுங்க, உள்ள கொஞ்சம் கூடுதல் லூஸ் விட்டு செஞ்சது அது, சாதா போட்டா சூட்டுல இறுகிடலாம். 2ஆர்எஸ்னா ரப்பர் மூடி, இசட்இசட்னா தகர மூடி. சேத்துல ஓடுற இடத்துக்கு நான் ரப்பர்தான் போடுவேன்.

அடுத்தது ஆயில் சீல், நான் மாட்டிக்கிட்டது இங்கதான். 35-52-7னு இருந்தா ஷாஃப்ட், ஹவுசிங் (சீல் உக்கார்ற குழி), அகலம்னு வரிசை, எல்லாம் மிமீல. என் சீல்ல எழுத்து அழிஞ்சு போச்சு, சரினு சீலோட உள்வாய அளந்து வாங்கிட்டு வந்தேன், ஏறவே இல்ல. லிப், அதாவது சீலோட உள் ரப்பர் விளிம்பு, ஷாஃப்ட்ட கவ்வணும்ல, அதனால அத சின்னதாதான் செய்வாங்க! அளக்க வேண்டியது ஷாஃப்ட்ட, அதுவும் பழைய லிப் தேய்ச்சு பள்ளம் விழுந்த இடத்துல இல்ல, பக்கத்துல தேயாத இடத்துல. வெளி அளவ ஹவுசிங்ல எடுங்க. டிஜிட்டல் வெர்னியர் பேட்டரி எப்பவும் அவசரத்துலதான் போகும், சாதா வெர்னியரே போதும்.

சீல மாட்டும்போது அதுல ஸ்பிரிங் தெரியுற பக்கம் ஆயில் பக்கம் பாக்கணும். லிப்ல கிரீஸ் தடவுங்க, ஷாஃப்ட்ல சாவிக்காடி (கீ உக்கார்ற வெட்டு) இருந்தா டேப் சுத்திட்டு ஏத்துங்க, இல்லனா லிப் கிழியும். பேரிங்க ஷாஃப்ட்ல ஏத்துறப்ப உள்வட்டத்துல பைப் வச்சு தட்டுங்க, வெளிவட்டத்துல அடிச்சா குண்டு அழுத்தி உள்ள பள்ளம் விழுந்து புதுசே கத்தும்.

அப்டேட்: புது சீலும் ஒழுகுதுனு ரெண்டு பேர் கமென்ட்ல கேட்டிருந்தாங்க. ஷாஃப்ட் பள்ளத்துலயே லிப் உக்காந்திருக்கும், ஹவுசிங்ல இடம் இருந்தா சீல ஒரு ரெண்டு மிமீ தள்ளி உக்கார வைங்க, இல்லனா ஷாஃப்ட்டுக்கு ஸ்லீவ் (மேல மாட்டுற மெல்லிய உறை) போடணும்.

இன்னொருத்தர் பேரிங்ல எல்எம்11949னு இருக்காம். அது இஞ்ச் அளவு டேப்பர் பேரிங் (குண்டுக்கு பதில் சாய்வு உருளை), அஞ்சால பெருக்குற கணக்கு செல்லாது. அது உள் கோன் நம்பர் மட்டும், வெளி கப்புக்கு தனி நம்பர் இருக்கும், ரெண்டையும் எழுதிட்டு போங்க.