விளக்கணைக்கும் நேரத்தில் மீட்டரைப் பாருங்கள்

பூமிக்காக உலகம் முழுக்க ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் எர்த் அவர் 2007-இல் சிட்னியில் ஆரம்பித்தது. பெரும்பாலும் மார்ச் கடைசிச் சனிக்கிழமை, இரவு 8.30 முதல் 9.30 வரை. மடிப்பாக்கத்தில் எங்கள் 40 வீட்டுக் குடியிருப்பில் அதை எப்படி நடத்துகிறோம் என்று அசோசியேஷன் செயலாளராகச் சொல்கிறேன்.

முதலில் ஆள் பிடியுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் போட்டவர் எல்லாம் அணைப்பார் என்று நம்பாதீர்கள். மாடிக்கு ஒருவர் எட்டரைக்குக் கதவைத் தட்ட வேண்டும். அந்த வேலைக்குப் பிள்ளைகள்தான் சரி. அவர்கள் கேட்டால் சீரியல் பார்க்கிற பாட்டிகூட எழுந்து வருவார்.

அணைப்பது விளக்கை மட்டும். மெயின் ஸ்விட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், பேட்டரி பிறகு அந்த மின்சாரத்தைக் கூடுதலாகவே திருப்பிக் கேட்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் அணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் 5 அன்று நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தபோது மின் தேவை சுமார் 31,000 மெகாவாட் இறங்கியது. மின் விநியோகத்தைக் கவனிப்பவர்கள் நீர்மின் உற்பத்தியைச் சட்டென்று குறைத்தும் கூட்டியும் சமாளித்தார்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் ஓடட்டும் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். லிஃப்ட் ஓடட்டும், கேட் விளக்கும் மாடிக்கு ஒரு படிக்கட்டு விளக்கும் எரியட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், இருட்டில் பிள்ளைகள் ஓடும் இடம்.

அப்புறம் எல்லாரையும் மீட்டர் போர்டுக்குக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். வீட்டில் செலவு கூடினால் வேகமாகத் துடிக்கும், குறைந்தால் நிதானமாகும். தன் வீட்டு மீட்டர் மட்டும் இன்னும் படபடக்கிறதே என்று பார்த்தவர், கீசரை அணைக்க மாடிக்கு ஓடுவார். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

நம் உண்மையான வேலை காமன் மீட்டரில், அதாவது படிக்கட்டு விளக்கு, மோட்டார் போன்ற பொதுச் செலவு ஏறும் மீட்டரில். எல்லா வீட்டிலும் நாலு எல்இடி ட்யூப், தலா 20 வாட் என்று வைத்தாலும், 40 வீட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் மிச்சமாவது 3.2 யூனிட்தான். படிக்கட்டில் சோக் வைத்த பழைய ட்யூப்லைட் 24 இருந்து, தலா 50 வாட்டில் இரவு 12 மணி நேரம் எரிந்தால் தினமும் 14.4 யூனிட் போகும். அதையே 20 வாட் எல்இடியாக மாற்றினால் 5.76 யூனிட். இரண்டு மாத ஈ.பி. பில்லில் 500 யூனிட்டுக்கு மேல் குறையும்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். எந்த விளக்கு அணைந்தும் வழி தெரிகிறது, பகலிலும் எரிகிற விளக்கின் ஸ்விட்ச் எங்கே, மோட்டார் ரூமில் யார் அணைக்க மறக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். மறுநாள் ஞாயிறு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பட்டியலை அன்றே மீட்டிங்கில் வைத்து, புது ட்யூப்புக்கான பணத்தை மெயின்டனன்ஸில் ஒதுக்கிவிடுங்கள். அடுத்த மாதம் என்றால் நடக்காது.