மஞ்சி மில் நார்க்கழிவை உரமாக்கும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோப்பு. சுற்றிலும் மஞ்சி மில்கள், அதாவது தேங்காய் நார் எடுக்கும் ஆலைகள். தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்துக்கொண்டபின் மிச்சமாகும் தூளை இங்கே சகிரிச்சோறு என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கம் பித் என்பார்கள். நான் நார்க்கழிவு என்றே எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு மில்லில் சும்மாவே கிடைத்தது. ஒரு லோடு இறக்கி, வாழைக்கும் இளந்தென்னைக்கும் அப்படியே பரப்பிவிட்டேன். ஒன்றரை மாதத்தில் வாழை இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. நோய் என்று நினைத்து மருந்துக்கு அலைந்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் நான் போட்ட கழிவுதான்.

நார்க்கழிவில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் கிடைக்காததால் மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். மட்கிய பிறகு அந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்கிவிடுகிறது. 30 சதவீதம் இருந்த லிக்னின் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். லிக்னின் என்பது மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் பொருள். அதைத் தின்னும் வேலையைச் சிப்பிக்காளான் பூஞ்சை நன்றாகச் செய்யும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறை இதுதான், நானும் அதையே பின்பற்றினேன்.

என்னென்ன வேண்டும்

1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. முதல்முறை செய்கிறவர்கள் 400 கிலோவில் தொடங்குங்கள், 2 கிலோ யூரியாவும் 2 பாட்டில் வித்தும் போதும். அதைவிடச் சின்னக் குவியலில் ஈரம் நிற்காது. வித்து வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

மில்லில் புதிதாக விழுந்ததைவிட, ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து நனைந்த பழைய குவியலைக் கேட்டு வாங்குங்கள். உப்பும் துவர்ப்பும் மழையில் கழுவிப் போயிருக்கும். புதிதுதான் கிடைக்கிறது என்றால், வடியும் தண்ணீரில் காப்பி நிறம் குறையும்வரை இரண்டு மூன்று தடவை நனைத்து வடியவிடுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குவது

நிழல் அவசியம். தென்னை வரிசைக்கு நடுவில் 1 டன்னுக்கு 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் போதும். குழி வேண்டாம், மேடான தரை நல்லது. முதலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, மேலே ஒரு பாட்டில் வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதன்மேல் 1 கிலோ யூரியா. மறுபடி கழிவு, வித்து, கழிவு, யூரியா. வித்தும் யூரியாவும் ஒரே அடுக்கில் சேரக்கூடாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒருமுறை இரண்டையும் கலந்து போட்டேன், வித்து கருகிப்போனது.

தண்ணீர்

நான் இரண்டு மாதம் வீணாக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குவியலை அடுக்கி முடித்துவிட்டு மேலே ஹோஸ் வைத்து ஒரு மணி நேரம் பாய்ச்சினேன். பக்கவாட்டில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து, நனைந்துவிட்டது என்று நம்பினேன். 40 நாள் கழித்துக் கடப்பாரையால் குத்திப் பார்த்தால், ஒரு சாணுக்குக் கீழே புழுதி பறக்கிறது! போட்ட யூரியாகூட அங்கங்கே குருணையாக அப்படியே இருந்தது.

முழுதாகக் காய்ந்த நார்க்கழிவு முதல் தண்ணீரை வாங்காது. ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். ஆனால் ஒருமுறை ஊறிவிட்டால் தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அடுக்கும் முன்பே நனையுங்கள். தரையில் மெல்லியதாகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, காலால் மிதித்து, அரை மணி நேரம் விட்டு மறுபடி தெளியுங்கள். நான் முதல்நாள் சாயங்காலமே நனைத்துவைத்து மறுநாள் காலையில் அடுக்குகிறேன். ஹோஸைவிடப் பூவாளிதான் இதற்குச் சரி, வேகமாகப் பீய்ச்சினால் வழிந்தோடிவிடும்.

கையில் அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால் காற்று புகாமல் அழுகும். மேல்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை கடப்பாரையால் மூன்று இடத்தில் குத்தி, உள்ளிருந்து எடுத்துப் பிழிந்து பாருங்கள்.

புரட்டுவதும் முடிவதும்

10 நாளுக்கு ஒருமுறை அடி மேலே வரும்படி புரட்ட வேண்டும். மண்வெட்டியைவிடச் சாணி அள்ளும் ஃபோர்க் எனக்குப் பிடிக்கும், கட்டியாகாமல் உதிர்ந்து விழும். வெள்ளை நூல் போலப் படர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், அதுதான் பூஞ்சை வேலை செய்வதற்கு அடையாளம். மேலே காளான் முளைத்தால் சமைக்க எடுக்காதீர்கள், எல்லாம் சிப்பிக்காளானாக இருக்காது.

60 நாள் கணக்கு. எனக்குக் குளிர்காலத்தில் 70 ஆனது. குவியல் நன்றாக அமுங்கி, நிறம் கறுத்து, முதல் மழை மண்வாசம் வந்தால் சரி. அமோனியா நெடி இருந்தால் இன்னும் விடுங்கள்.

காய்க்கும் தென்னைக்கு மரத்துக்கு 5 கிலோ, இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் வட்டப்பாத்தியில் போட்டு மண்ணால் மூடுகிறேன். நாற்றுப் பைக்கு மண், மணலோடு ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் பக்கம் வேர் வாடல் நோயில் தோப்பு தோப்பாக மரம் போகிறது. இந்த உரம் அதைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணில் ஈரம் நிற்கும், மரத்துக்குத் தெம்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

எரிபொருளாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மில்களில் அழுத்திக் கட்டியாக்கி எரிக்கிறார்கள், அதற்கு எந்திரம் வேண்டும். வீட்டில் தூளாகப் போட்டால் புகைந்துகொண்டே கிடக்கும். அடுப்புக்குப் பாளை, பன்னாடை, தேங்காய்த் தொட்டி இருக்கின்றன. நார்க்கழிவை ரோட்டோரம் கொட்டித் தீ வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு சேர்த்தது

யூரியா போடமாட்டேன், இயற்கை விவசாயம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 1 டன்னுக்கு 200 கிலோ கோழி எரு போடலாம். நெடி அடிக்கும், ஈ வரும், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இன்னொருவர் குவியலில் கட்டை விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடப்பதாகச் சொன்னார். அது காண்டாமிருக வண்டின் புழு, தென்னங்குருத்தைத் துளைக்கும் அதே வண்டு. மட்கும் குப்பைதான் அதற்குப் பிரசவ வீடு. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், எங்கள் வீட்டுக் கோழிகள் ஃபோர்க் சத்தம் கேட்டாலே வந்து நிற்கும். நிறைய இருந்தால் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை வாங்கி, தண்ணீரில் கலந்து குவியலில் ஊற்றுங்கள். உரம் தயாரானதும் சலித்துப் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் தோப்பில் குவித்தே வைத்திருந்தால் மறுபடி முட்டை வைக்கும்.