கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ் படிக்கச் சேருவது எப்படி

கம்யூனிட்டி காலேஜ் என்றால் அந்தந்த ஊர்க்காரர்களுக்கான இரண்டு வருட அரசுக் கல்லூரி. இது அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்காக எழுதுவது. வேறு மாநிலம் என்றால் கட்டணமும் விதிகளும் மாறும்.

ஸ்பானிஷா, வேறு மொழியா என்று முடிவு செய்வதற்கு முன்னால் காலேஜின் வகுப்பு அட்டவணையைத் திறங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். இத்தாலியன் மேல் ஆசைப்பட்டு முதல் நிலையை முடித்தேன், அடுத்த செமஸ்டரில் ஆள் சேரவில்லை என்று இரண்டாம் நிலை வகுப்பையே தூக்கிவிட்டார்கள், படித்ததில் பாதி மறந்தும் போனது. அதனால் போன இரண்டு வருட அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டாம், மூன்றாம் நிலைகள் விடாமல் நடக்கிறதா என்று. ஸ்பானிஷுக்கு அந்தக் கவலை குறைவு. பிரெஞ்சு பரவாயில்லை. இத்தாலியனும் போர்ச்சுகீஸும் ஊரைப் பொறுத்தது.

அடுத்தது விண்ணப்பம். சிசிசி அப்ளை என்ற தளத்தில் இலவசமாகப் போடலாம். எவ்வளவு காலமாக மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்ற கேள்விகளை மட்டும் அவசரத்தில் தட்டிவிடாதீர்கள், கட்டணமே அதில்தான் இருக்கிறது. மாநிலவாசி என்று ஏற்றுக்கொண்டால் செமஸ்டர் முறை காலேஜில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஒரு அலகுக்கு, 46 டாலர். மொழியின் முதல் நிலை பெரும்பாலும் 5 யூனிட், ஆக 230 டாலர், கூடவே சில்லறைக் கட்டணங்கள். மாநிலவாசி இல்லையென்றால் பல மடங்கு ஆகும்.

5 யூனிட் என்றால் வாரம் ஐந்து மணி நேர வகுப்பு, வீட்டில் இன்னொரு பத்து மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் இதை யோசிக்காமல் இரண்டு மொழிகளை ஒன்றாக எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம், ஸ்பானிஷும் இத்தாலியனும் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும்.

மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பும். வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். வராதவர்களின் இடம் காலியானால் ஆசிரியர் சேர்க்கைக் குறியீடு தருவார், அதை வைத்து நீங்கள் வகுப்பில் பதிந்துகொள்ளலாம். புத்தகத்தை அதுவரை வாங்காதீர்கள், பழைய பதிப்பு போதுமா என்று அவரிடமே கேளுங்கள். சில வகுப்புகளுக்குப் புத்தகச் செலவே கிடையாது, அட்டவணையில் அதற்குத் தனிக் குறி இருக்கும்.

அப்புறம், பாடம். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும், ஆங்கிலம் வழியாக யோசித்தால்தான் திண்டாட்டம். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வகுப்பு முழுக்க விளக்குவார்கள், நமக்கு அது 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, நம்மைப் போலவே விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். மெக்சிகோ உணவின் பெயரை 'டாக்கோ' என்று நுனிநாக்கை மடக்காமல் 'தாக்கோ' என்று சொன்னாலே உச்சரிப்பில் பாதி வந்துவிட்டது. ஆனால் மேசை பெண்பால் என்பது அஃறிணையில் பழகிய நமக்குக் கடைசிவரை உறுத்தும். நோட்டில் 'மேசா' என்று எழுதாமல் எப்போதும் 'லா மேசா' என்றே எழுதுங்கள், அந்த 'லா'தான் பெண்பால் என்று காட்டும்.

மார்க் பற்றிப் பயம் என்றால் கிரேடு போடாமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பதியும் பாஸ், நோ பாஸ் முறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்று தோன்றினால் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள், அதை இப்போதே போனில் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் ரொம்ப இழுத்தடித்துவிட்டு விலகினால் மார்க் பட்டியலில், பாதியில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும்.