கல்லூரிப் பட்டியலை யார் எழுதுவது? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன் நான். மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடிகிறவரை, யாராவது ஓர் அப்பாவோ அம்மாவோ கையில் ஃபைலோடு தேடி வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியில் அப்பா. பக்கத்தில் டைப் செய்யும் பையன். பின்னால் நின்றுகொண்டிருந்தது என் மாணவி. "கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிற காலேஜ் எல்லாத்தையும் வரிசையா போடுப்பா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கையில் நாலாக மடித்த ஒரு தாள். என்னம்மா அது என்று கேட்டேன், பிரித்துக் காட்டினாள். பதினொரு கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலிங் கோட், எந்த பஸ், ஹாஸ்டலுக்கு எவ்வளவு என்பது வரைக்கும் பென்சிலில் எழுதியிருந்தாள். முதல் ஐந்துமே டிரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே பாப்பா?" "நீங்க கேக்கலையேப்பா."

நான் பார்க்கிற தவறுகளில் பாதி, பிள்ளை நிற்க நாம் உட்கார்ந்துவிடுவதில் இருந்துதான் தொடங்குகிறது. எந்த அப்பாவும் கெடுதல் நினைத்துச் செய்வதில்லை. பணம் கட்டப்போவது நாம், விவரம் தெரிந்தவர்கள் நாம் என்ற எண்ணம், அவ்வளவுதான். ஆனால் நாலு வருஷம் அந்த வகுப்பில் உட்காரப்போவது பிள்ளை. தேடுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், சரிபார்க்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ரிசல்ட் வந்தபிறகு தொடங்காதீர்கள். பிளஸ் ஒன் முடிந்த லீவிலேயே பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றிரண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்தது, பாடப்பிரிவைப் பெயரை வைத்து எடுப்பது. சித்தப்பா மகன் ஐ.டி.யில் இருக்கிறான், அதனால் இவனும் கம்ப்யூட்டர். இப்போது ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று அதே குடும்பத்தில் பல பெயர்கள் வந்துவிட்டன. ஒன்று செய்யுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது. மூன்றாவது, நாலாவது செமஸ்டர் பாடங்களைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் "இது என்னப்பா?" என்று ஆவலோடு நிற்கிறது, எதை வேகமாகத் தாண்டிப் போகிறது என்று கவனியுங்கள். எந்த நிபுணரையும்விட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும்.

சரி, இப்போது கலந்தாய்வுக்கு வருவோம். பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான், நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரவரிசைக்கு எடுக்கிற கட்ஆஃப் மதிப்பெண்ணின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கினால் 92, 42, 44 என்று கூட்டி 178. "போன வருஷம் 178-க்கு அந்த காலேஜ் கிடைச்சது, இந்த வருஷமும் கிடைக்கும்" என்று நிம்மதியாக இருந்துவிடுவது தவறு. கணக்கு வினாத்தாள் ஒரு வருஷம் எளிதாக இருந்தால் 178-க்கு மேலே ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும். கஷ்டமாக இருந்தால் அதே 178 நல்ல இடத்தில் நிற்கும். அதனால் மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை ஒப்பிடாமல், தரவரிசை எண்ணோடு தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில் போன வருஷம் எந்த ரேங்க் வரை போனது என்பதுதான் பார்க்க வேண்டிய எண்.

அப்புறம், விருப்பப் பட்டியலின் வரிசை. "பெரிய காலேஜை முதலில் போட்டால் அதுவும் கிடைக்காது, கிடைக்க வேண்டியதும் போய்விடும்" என்று பயந்து, நடுத்தரமான ஒன்றை முதலில் போடுகிறவர்கள் ஏராளம். இடம் ஒதுக்குகிற கம்ப்யூட்டர் அப்படி வேலை செய்வதில்லை. உங்கள் பிள்ளையின் ரேங்க் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். எதில் இடம் இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவதற்கான வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. ஆனால் நடுத்தரமானதை முதலில் போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே இருக்கிற நல்ல கல்லூரியை அது எட்டிக்கூடப் பார்க்காது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருக்கும்போது, ஆறேழு மட்டும் போட்டு நிறுத்துவதும் தவறு. கிடைத்தாலும் சேரப்போவதில்லை என்று தெரிந்த கல்லூரியைச் சும்மா போட்டு வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது. கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்த்து ஒரு துண்டுச்சீட்டுக்கு ஒன்று என்று எழுதி, பாயில் வரிசையாகப் பரப்புங்கள். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு சீட்டைக் காட்டி, "இரண்டுமே கிடைச்சா எதுல சேருவ?" என்று மட்டும் கேளுங்கள். கீழே இருப்பதைச் சொன்னால் சீட்டை மாற்றி வையுங்கள். சொன்னேனே, அந்தப் பெண், அவர்கள் வீட்டில் நாற்பது சீட்டு பரப்பினோம். ஆறாவது சீட்டு இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அப்பா வைத்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுகளில் சிலவற்றை அவளே எடுத்து நடுவில் வைத்தாள். சண்டையே வரவில்லை. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான், பதில் சொல்வது அவள்தான்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அட்மிஷன் அலுவலகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, கையில் ஒரு ஜூஸ். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். வகுப்பு நடக்கிற நாளில் போங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, வாசலில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து கடைசி வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள், உங்கள் பிள்ளையையே பேச விடுங்கள். "உங்க டிபார்ட்மென்ட்ல போன வருஷம் எத்தனை சார் மாறினாங்க?" என்ற ஒரு கேள்வி போதும். 2024-இல் ஊழலுக்கு எதிரான அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல் நினைவிருக்கும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள், அப்படி முந்நூறு பேருக்கு மேல். இணையதளத்தில் இருக்கிற பேராசிரியர் பட்டியலை நம்பி மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பேனரில் இருக்கிற சம்பளமும் அப்படித்தான். அது ஒரே ஒரு மாணவருடைய சம்பளம். மூன்று கம்பெனி ஒரே பையனை எடுத்தால் மூன்று வேலை என்று எண்ணுகிற வழக்கமும் உண்டு. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இல் கலந்துகொள்ளும் கல்லூரிகள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தில் இடைநிலை அளவு என்ன, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். பேனரை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அங்கீகாரத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாக் (NAAC) என்பது கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. என்.பி.ஏ. (NBA) என்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாகக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு இருப்பது உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கும் இருக்கிறதா, காலம் முடியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பண விஷயத்தில் என் மனது அதிகம் வலிப்பது ஒன்றில்தான். ரிசல்ட் வருவதற்கு முன்பே, "இப்போ புக் பண்ணா டிஸ்கவுண்ட்" என்று யாரோ ஓர் ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்கான முதல் பட்டதாரி சலுகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. கூலி வேலை செய்கிற ஓர் அம்மா, வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கட்டிய பிறகு என்னிடம் வந்தார். அவர் மகனுக்கு இலவசமாகவே இடம் கிடைக்கும் ரேங்க் இருந்தது. சேர்ந்த கல்லூரி ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுத்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது.

பொறியியலை மட்டும் நம்பிக் காத்திருப்பதும் வேண்டாம். அரசு கலை அறிவியல் கல்லூரி, வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் தனித்தனி. பொறியியல் கலந்தாய்வு முடியும்போது கலைக் கல்லூரிகளில் வகுப்பே தொடங்கியிருக்கும். காலண்டரில் இப்போதே குறித்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தில் எந்த போன் நம்பர் கொடுக்கிறீர்கள் என்பது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஏற்றுக்கொள்கிறோமா, இன்னும் மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறோமா என்று குறிப்பிட்ட நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்கான ஓ.டி.பி. விண்ணப்பத்தில் இருக்கிற நம்பருக்கு வரும். என் மாணவன் ஒருவனுக்கு சென்டர்காரர் அவசரத்தில் தன் நம்பரையே போட்டுவிட்டார். ஒதுக்கீடு வந்த அன்று அவர் வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. பையன் பூட்டிய கடை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். அந்த இடம் போய்விட்டது. துணைக் கலந்தாய்வில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டான். உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.