கரண்ட் போனதும் மங்கும் எல்இடி விளக்கு: எல்எம்317 சர்க்யூட்டில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

வீட்டில் கரண்ட் இருக்கும்போது பளிச்சென்று எரிந்த விளக்கு, கரண்ட் போன அரை மணி நேரத்தில் மங்கத் தொடங்கியது. எமர்ஜென்சி விளக்குக்கு இதைவிட மோசமான கோளாறு இருக்க முடியாது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதோடு எப்போதும் இணைந்திருக்கும் சார்ஜர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு எல்எம்317 ஐசி, வரிசையாக மூன்று 1 வாட் வெள்ளை எல்இடி. சர்க்யூட் இவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதோடு உட்கார்ந்தபிறகுதான் காரணம் பிடிபட்டது. அதே இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். சால்டரிங் செய்யவும் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்க்கவும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். எல்இடிக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்திக் கொடுத்தால் போதாது. அது சூடேற ஏற, அதே மின்னோட்டத்துக்கு அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறையும். நாம் வோல்டேஜை மாற்றாமல் வைத்திருந்தால் மின்னோட்டம் கூடும், அதனால் இன்னும் சூடாகும். ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டத்தை. அதற்கு எல்எம்317 நல்ல ஐசி. 1976இல் பாப் டாப்கின் நேஷனல் செமிகண்டக்டரில் இருந்தபோது வடிவமைத்தது இது. இன்றும் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது.

படி 1: ரெசிஸ்டர்

எல்எம்317க்கு இன், அவுட், அட்ஜஸ்ட் என்று மூன்று கால். அது செய்யும் வேலை ஒன்றுதான்: அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்தால், 1.25ஐ அதன் ஓம் மதிப்பால் வகுத்து வருவதுதான் மின்னோட்டம். 1 வாட் எல்இடிக்கு அதிகபட்சம் 350 மில்லிஆம்பியர். நான் 15 ஓம் ரெசிஸ்டர் நான்கைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்து 3.75 ஓம் ஆக்கினேன். 333 மில்லிஆம்பியர் வருகிறது. நான்கும் சேர்ந்து 0.42 வாட் சூட்டைப் பகிர்ந்துகொள்வதால் சாதாரண கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும்.

இந்த இடத்தில் வேரியபிள் ரெசிஸ்டர் வைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். திருகு ஒரு முனைக்குப் போய் பூஜ்ஜியம் ஓம் ஆனால், ஐசி 1.5 ஆம்பியருக்கு மேலேயே தள்ளிவிடும், எல்இடி அப்போதே போய்விடும். சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டிலும் இதைச் செய்ய வேண்டாம். அதன் கிளிப்பில் 0.3 ஓம் தடை சேர்ந்தாலே 333 என்பது 309 ஆகிவிடும். நேராக வெரோ போர்டில் (ஓட்டைகளும் செம்புக் கோடுகளும் உள்ள போர்டு) சால்டர் செய்துவிடுங்கள்.

படி 2: இணைப்பு

எழுத்து நம்மைப் பார்க்கும்படி ஐசியைப் பிடித்தால் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) பழகியவர்கள் முதல் காலில் பேட்டரி பாசிட்டிவைக் கொடுத்துவிடுவார்கள், கவனம். பாசிட்டிவ் மூன்றாவது காலான இன்னுக்கு. அவுட்டிலிருந்து ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் மறுமுனையும் அட்ஜஸ்ட் காலும் சேரும் இடத்திலிருந்துதான் எல்இடிக்கு வயர் போக வேண்டும். அவுட் காலிலிருந்து நேராக எடுத்தால் கட்டுப்பாடே இருக்காது.

எல்இடியை மாட்டும் முன் 1என்4007 டையோடு எட்டை வரிசையாக சால்டர் செய்து, எல்இடிக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 0.8 வோல்ட் விழும், எட்டும் சேர்ந்தால் 6.5 வோல்டுக்குப் பக்கத்தில் வரும். இரண்டு எல்இடி மாட்டியதற்குச் சமம். தவறாக இணைத்திருந்தால் சில ரூபாய் டையோடுதான் போகும்.

படி 3: ரெசிஸ்டரின் குறுக்கே அளப்பது

மல்டிமீட்டரை ஆம்பியருக்கு மாற்றி சர்க்யூட்டை வெட்டி அளக்கும் வழி எனக்குப் பிடிக்காது. வயரை மறுபடி வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து பேட்டரியில் வைத்தால் மீட்டர் ஃப்யூஸ் போகும். அதைவிட, மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ரெசிஸ்டரின் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். கோளாறு எங்கே என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

1.20 முதல் 1.30க்குள் இருந்தால் ஐசி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அப்போதும் வெளிச்சம் போதவில்லை என்றால் ரெசிஸ்டர் மதிப்பையோ எல்இடியையோ பாருங்கள்.

பூஜ்ஜியம் என்றால் ஐசியைத் தொட்டுப் பாருங்கள், ஆனால் விரலை உடனே எடுத்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது எல்இடி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கொதித்தால் அவுட் கால் நெகட்டிவோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

1.30ஐத் தாண்டினால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அட்ஜஸ்ட் காலின் சால்டரிங் விட்டிருக்கும். இல்லையென்றால் ஐசி உள்ளே ஷார்ட்.

1.20ஐவிடக் குறைவாக, ஆனால் பூஜ்ஜியம் இல்லாமல் இருந்தால் என்ன? நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

படி 4: வோல்டேஜ் பற்றாக்குறை

சார்ஜர் இணைந்திருக்கும்போது பேட்டரியில் 13.7 வோல்ட், ரெசிஸ்டரில் 1.25. எல்லாம் சரி. சார்ஜர் பிளக்கைப் பிடுங்கினேன். என் பேட்டரி பழையது, அரை மணியில் 11.8க்கு இறங்கியது. ரெசிஸ்டரில் அப்போது 0.75 வோல்ட், அதாவது 200 மில்லிஆம்பியர்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஐசிதான் போலி என்று நினைத்து, மூன்று ஐசி மாற்றிப் பார்த்தேன். மூன்றிலும் அதே 0.75.

அப்புறம் பேப்பரில் கணக்குப் போட்டேன். மூன்று எல்இடிக்கு 9.9 வோல்ட். ரெசிஸ்டருக்கு 1.25. ஐசி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். இன்னுக்கும் அவுட்டுக்கும் நடுவே அது இல்லாவிட்டால் அதனால் கட்டுப்படுத்த முடியாது. கூட்டினால் 13.15 வோல்ட். சார்ஜர் இருந்தால் இது கிடைக்கும். பேட்டரி மட்டும் இருந்தால், அது புதிதாகவே இருந்தாலும், கிடைக்காது. விளக்கு சரியாக வேலை செய்தது அது தேவைப்படாத நேரத்தில் மட்டும்தான்.

ஒரு எல்இடியைக் கழற்றினேன். இப்போது தேவை 6.6 + 1.25 + 2 = 9.85 வோல்ட். பேட்டரியை 11 வோல்டுக்குக் கீழே விடவே கூடாது என்பதால் கடைசிவரை ஒரே வெளிச்சம். உங்கள் விளக்குக்கும் இந்தக் கூட்டலை முதலிலேயே போட்டுவிடுங்கள். எல்இடியின் வோல்டேஜை அட்டையில் எழுதியிருப்பதிலிருந்து எடுக்காமல், எரியும்போது நீங்களே அளந்து எடுங்கள்.

மூன்று எல்இடியும் கட்டாயம் வேண்டும் என்றால் இந்த ஐசி வேண்டாம். பேட்டரி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் வகை எல்இடி டிரைவர் வாங்குங்கள். 10 வாட் எல்இடிக்கு எல்எம்317 வைக்கும் சர்க்யூட்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியின் சக்தி வீணாகச் சூடாகப் போகும்.

படி 5: சூடும் அந்த பிளாஸ்டிக் புஷ்ஷும்

இரண்டு எல்இடி ஆனதும் மிச்ச வோல்டேஜ் ஐசியின் தலையில் விழும். 13.7இல் 6.6ஐயும் 1.25ஐயும் கழித்தால் 5.85, அதை 0.333ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2 வாட். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத ஐசி ஒரு வாட்டுக்குச் சுமார் 50 டிகிரி ஏறும். 35 டிகிரி அறையில் 135 ஆகிவிடும், வரம்போ 125. இன்னும் சூடேறினால் ஐசி தன்னையே அணைத்துக்கொண்டு, ஆறியதும் திரும்ப எரியும். விளக்கு மெதுவாக அணைந்து அணைந்து எரிந்தால் காரணம் இதுதான்.

எல்இடி ஒட்டியிருந்த அலுமினிய சேனலிலேயே ஐசியையும் முடுக்கினேன். விளக்கு எரியவில்லை, ஐசி கொதித்தது. ஐசியின் உலோக முதுகு அவுட் காலோடு இணைந்தது, கிரவுண்டோடு இல்லை. என் சேனலிலோ பேட்டரி நெகட்டிவ் வயர் முடுக்கியிருந்தது. சரி, மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டை நடுவே வைத்தேன். அப்போதும் எரியவில்லை. முதுகிலிருந்து சேனலுக்கு, மைக்காவைச் சுற்றிக்கொண்டு, ஸ்க்ரூ வழியாகவே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது! ஸ்க்ரூ ஓட்டைக்குள் போடும் சின்ன பிளாஸ்டிக் புஷ் இருந்தால்தான் மைக்காவுக்கு அர்த்தம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள இடங்களில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முடுக்கியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசி முதுகுக்கும் சேனலுக்கும் நடுவே மீட்டரை பீப் (கன்டினியூட்டி) நிலையில் வைத்துப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது.

பின்சேர்க்கை 1: ஒருவருடைய விளக்கு முதலிலிருந்தே மங்கல், ஆனால் ரெசிஸ்டரில் சரியாக 1.25 வருகிறது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகள் ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. அது 39 ஓம், 32 மில்லிஆம்பியர்தான் தரும். அவர் வாங்கப் போனது 3.9 ஓம், அதற்கு மூன்றாவது பட்டை பொன்நிறமாக இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய மதிப்பை மீட்டரில் அளக்கும்போது, முதலில் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்கு மூன்றாவது முறையாக எல்இடி போய்விட்டது. எல்லா அளவும் சரி. விசாரித்ததில், வெளிச்சம் நிலையாக இருக்கட்டும் என்று எல்இடியின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்திருந்தார். எல்இடிக்குப் போவது க்ரோகடைல் கிளிப். கிளிப் ஒரு நொடி நழுவினால் மின்னோட்டம் போக வழியில்லாமல் கெபாசிட்டர் 11 வோல்ட் வரை ஏறிவிடும். கிளிப் மறுபடி பட்டதும் அவ்வளவும், ரெசிஸ்டரைத் தொடாமல், 6.6 வோல்ட் எல்இடிக்குள் ஒரே அடியாகப் பாயும். லேசர் டையோடு என்றால் இன்னும் சிறிய கெபாசிட்டரே அதைக் கொன்றுவிடும். அவுட் பக்கம் பெரிய கெபாசிட்டர் வைக்காதீர்கள், எல்இடியை சால்டர் செய்தே இணையுங்கள், பேட்டரியைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரி வயர் 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை இன் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே, ஐசிக்கு ஒட்டியபடி வையுங்கள். என் விளக்கில் இருக்கும் ஒரே கெபாசிட்டர் அதுதான்.